40,000 பவுன் வழக்கு



1893-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் என்ன வேலையாக அந்த ரயிலில் ஏறினார் என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். ஒரு கடன் வழக்குக்காகத்தான். டர்பனில் பெரிய வணிகராக இருந்த தாதா அப்துல்லா சேட், பிரிட்டோரியாவில் அதே அளவு செல்வாக்கோடு இருந்த தயப் ஹாஜி கான் முகமது சேட் மீது போட்ட வழக்கு அது. கேட்ட தொகை 40,000 பவுன். இந்த வழக்குக்கு ஒத்தாசையாக ஒரு வருடம் வந்து தங்க, 23 வயது பாரிஸ்டர் காந்திக்குப் பேசிய சம்பளம் 105 பவுன். அந்த 40,000 எத்தனை பெரிய தொகை என்பதை இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வாதியும் பிரதிவாதியும் உறவினர்கள், ஒரே ஊர்க்காரர்கள், போர்பந்தரைச் சேர்ந்த மேமன் சமூகத்தவர்கள். தகராறு புரோநோட்டுகள் பற்றியது. எழுதித் தருவதாகச் சொன்ன நோட்டைத் தரவில்லை என்றது ஒரு தரப்பு. ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்கள், ஈடாக எங்களுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை என்றது மற்றது. கணக்கு வழக்கு தெரியாத காந்தி, இதற்காகவே ஒரு புத்தகம் வாங்கிக் கணக்குப்பதிவு படித்தார். காகிதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்ததில் தன் கட்சிக்காரர் பக்கம் வலுவாக இருப்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வழக்கு வலுவாக இருந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நிமிர்ந்து உட்காருவோம். அந்த இளைஞர் இன்னொன்றையும் கவனித்தார். இரண்டு பக்கமும் வக்கீல் செலவு ஏறிக்கொண்டே போனது. சேட்டுகள் இருவருக்கும் வேறு தொழிலைப் பார்க்க நேரமில்லை. பகை வேறு வளர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் யார் ஜெயித்தாலும் இரண்டு பேருமே தோற்றுப்போவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. நேராகத் தயப் சேட்டிடம் போனார், நடுவர் ஒருவரை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்றார்.

எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கதவை அவரால் எப்படித் தட்ட முடிந்தது? எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். பிரிட்டோரியா போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே காந்தி அவரைத் தேடிப்போய் அறிமுகம் செய்துகொண்டிருந்தார். வழக்கைப் பற்றிப் பேச அல்ல. அந்த ஊரிலிருந்த இந்தியர்கள் அத்தனை பேரையும் சந்திக்க வேண்டும், அவர்கள் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தைச் சொல்வதற்காக. பிரிட்டோரியாவில் தயப் சேட் இல்லாமல் எந்தப் பொதுக்காரியமும் நடக்காது. ஆக, வழக்குக்கு வெளியே இருவருக்கும் பேச ஒரு விஷயம் இருந்தது. பிறகு ஒரு நாள் வழக்கைப் பற்றியும் பேச வேண்டி வந்தபோது, முன்பின் தெரியாத எதிரியிடம் போய் நிற்பதுபோல் இருந்திருக்காது.

தயப் சேட் சம்மதித்தார். நடுவர் விசாரித்தார். தாதா அப்துல்லா ஜெயித்தார். சாதாரணமாகக் கதை இங்கே முடிந்துவிடும். விஷயமே இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

தீர்ப்பான தொகை 37,000 பவுன், செலவு தனி. அதை ஒரே தடவையில் கட்டச் சொன்னால் தயப் சேட் திவால்தான். தென்னாப்பிரிக்காவில் இருந்த போர்பந்தர் மேமன்களிடையே திவாலாவதைவிடச் சாவது மேல் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்ததாம். தொகையைக் குறைக்கும்படி தயப் சேட் கேட்கவில்லை. ஒரு தம்பிடி குறைத்துக் கொடுக்கவும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. முழுப் பணமும் தர வேண்டும், திவாலானவர் என்ற பெயரும் வரக்கூடாது. இரண்டும் நடக்க வேண்டுமென்றால் ஒரே வழி, தவணை. நீண்ட காலத் தவணை.

காந்தி இப்போது தன் சொந்தக் கட்சிக்காரரிடம் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரையும் நடுவர் முன்னால் கொண்டுவந்ததைவிட, ஜெயித்தவரிடமிருந்து இந்தத் தவணையை வாங்கியதுதான் தமக்குக் கஷ்டமாக இருந்தது என்று ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதியிருக்கிறார். ஆச்சரியமில்லை. தோற்றவருக்குப் பேசியாக வேண்டிய கட்டாயம் உண்டு. ஜெயித்தவருக்கு என்ன கட்டாயம்? தீர்ப்பு கையில் இருக்கிறது, சட்டம் பின்னால் நிற்கிறது. அப்படி இருந்தும் தாதா அப்துல்லா இணங்கினார். இருவருக்கும் ஊரில் மதிப்பு கூடியதாம்.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ‘யாருக்கு எவ்வளவு பாக்கி?’ என்ற கேள்விக்கு நடுவர் பதில் சொல்லிவிட்டார். ‘உனக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?’ என்று அவர் கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை. தயப் சேட்டின் பயம் திவால் என்ற பெயர். அது புரோநோட்டிலும் இல்லை, கணக்குப் புத்தகத்திலும் இல்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வெளியே வரும்.

நம் ஊர் வழக்குகளிலும் இதே கதைதான் என்று சிவில் வக்கீல் யாரைக் கேட்டாலும் சொல்வார். வரப்பை அரை அடி தள்ளிப் போட்டான் என்று வழக்கு. கிணற்றில் முறை தவறி மோட்டார் போட்டான் என்று வழக்கு. மாடி வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிகிறது என்று வழக்கு. வாதப் பிரதிவாதங்களை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டால், அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தம்பி பெயர் விட்டுப்போனது வெளியே வரும். அப்பாவின் கடைசி நாட்களில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது வரும். இதையெல்லாம் பிராதில் எழுத முடியாது. எழுதினாலும், எந்த முன்சீப்பாலும் இதற்கு டிகிரி கொடுக்க முடியாது.

இது நம் சட்டத்துக்கும் தெரியும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, வழக்கில் சமரசத்துக்கு இடமிருப்பதாகத் தெரிந்தால் நீதிபதி அந்தத் தரப்பினரைப் பேச்சுக்கு அனுப்பலாம் என்கிறது. இப்போதுள்ள வடிவில் இது நடைமுறைக்கு வந்தது 2002 ஜூலையில். வந்தவுடனேயே இந்தப் பிரிவு உள்ளிட்ட சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் யார் தெரியுமா? நம் சேலம் வழக்கறிஞர் சங்கத்தார்! பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லும் சட்டமே வழக்குக்குப் போனது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த வழக்கினால் நல்லதுதான் நடந்தது. திருத்தங்கள் செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அவற்றை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஆராய நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. சமரசப் பேச்சுக்கான மாதிரி விதிகளை அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. 2005 ஆகஸ்ட் தீர்ப்பில் அவை இடம்பெற்றன. இன்றைக்கும் ‘சேலம் பார் அசோசியேஷன் வழக்கு’ என்றால் நாடெங்கும் வக்கீல்களுக்குத் தெரியும்.

அதே 2005-இல், ஏப்ரல் மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ்நாடு சமரச மையம் தொடங்கியது. ஓர் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து தொடங்கிய மையம் என்ற வகையில் நாட்டிலேயே அதுதான் முதலாவது. பிறகு மாவட்டங்களுக்கும் பரவியது. கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும், கட்டணம் கிடையாது. அங்கே நடப்பதைத் தெரிந்துகொள்ள வழக்கு இருக்க வேண்டும் என்பதில்லை, நம் வீட்டுக்கும் அது உதவும்.

ஒரு மேசை, சில நாற்காலிகள். கூண்டு இல்லை, உயர்ந்த ஆசனம் இல்லை. பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் இருப்பார். முதலில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து, இங்கே நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை என்று சொல்லிவிடுவார். ஒவ்வொருவரும் தன் கதையைக் குறுக்கீடு இல்லாமல் சொல்லலாம். பல வருடமாக வாய்தா மேல் வாய்தாவாக அலைந்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தம் கதையைத் தம் வாயால் முழுதாகச் சொல்லும் வாய்ப்பு அங்கேதான் முதல் தடவையாகக் கிடைக்கிறது. கோர்ட்டில் அவர்களுக்காக வக்கீல் பேசினார், இவர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு சமரசர் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். ஒருவர் தனியாகச் சொன்னதை, அவர் அனுமதி இல்லாமல் மற்றவரிடம் சொல்லமாட்டார். அங்கே பேசியது எதையும் நாளைக்குக் கோர்ட்டில் சாட்சியமாக எடுத்துக்காட்ட முடியாது. சமரசரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவும் முடியாது. ராஜியானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். ஆகாவிட்டால், ஆகவில்லை என்ற ஒற்றை வரியோடு வழக்குக் கட்டு கோர்ட்டுக்குத் திரும்பிப் போகும். யார் முரண்டு பிடித்தார்கள் என்பதுகூட அதில் இருக்காது.

இந்த ரகசியம் சின்ன விஷயம் இல்லை. ‘சரி, அன்றைக்கு நான் பேசினது கொஞ்சம் அதிகம்தான்’ என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், அந்த வார்த்தை தனக்கு எதிராகத் திரும்பி வராது என்ற தைரியம் அவருக்கு வேண்டும். நம் வீடுகளில் அந்த தைரியம் குறைந்துகொண்டே வருகிறது என்பது என் எண்ணம். காரணம், குடும்ப வாட்ஸ்அப் குழு. சித்தப்பா, அத்தை, கனடாவில் இருக்கும் மச்சான், கல்லூரி போகும் பிள்ளைகள் என்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அண்ணனும் தம்பியும் வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசினால் யார் இறங்கி வருவார்கள்? இறங்குவதை நாற்பது பேர் பார்ப்பார்களே! போதாததற்கு, சொன்னது அத்தனையும் எழுத்தில் நிற்கும். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். நான்கு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அது மறுபடி வெளியே வரும். வாய்ச்சொல்லுக்கு ஒரு வசதி உண்டு, அது மங்கும். பேசியாக வேண்டியது எதுவானாலும் குழுவில் வேண்டாம். ஃபோனை எடுங்கள். முடிந்தால் பஸ் ஏறுங்கள்.

முன்பெல்லாம் தாய்மாமன் ஒருவர் இருந்தார். எல்லாக் குடும்பத்திலும் இல்லாவிட்டாலும் பல குடும்பங்களில் இருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்ததுபோல் ஒரு வீட்டுக்கு வருவார், சாயங்காலம் காபிக்கு வந்ததுபோல் இன்னொரு வீட்டுக்குப் போவார். அங்கே கேட்டதில் இங்கே எதைச் சொல்வது, எதை விழுங்கிவிடுவது என்ற கணக்கு அவருக்குத் தெரியும். சமரச மையத்தின் ‘தனித்தனியாகப் பேசுதல்’ வேறென்ன? இன்றைக்கு அந்த மாமாவும் பெங்களூரில் பிள்ளை வீட்டில் இருக்கிறார். அவர் இடத்தைப் பல வீடுகளில் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. ‘உங்கப்பாகிட்ட கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேளு’ என்று பக்கத்திலேயே நிற்கும் அப்பாவுக்கு அம்மா சேதி அனுப்புகிறாள். அப்பாவும் ‘கட்டியாச்சுன்னு சொல்லு’ என்கிறார். சிரிப்பாகத்தான் இருக்கிறது, நடுவில் நிற்கும் பிள்ளைக்கு அல்ல.

பேச்சு நின்றுபோன வீடுகளுக்காக நம் பெரியவர்கள் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தார்கள். நல்ல காரியத்துக்கு அழைத்தால் போ, துக்கத்துக்கு அழைக்காமலே போ என்ற வழக்கத்தைத்தான் சொல்கிறேன். எத்தனையோ பங்காளிச் சண்டைகள் சாவு வீட்டுத் திண்ணையில் தளர்ந்திருக்கின்றன. அங்கே யாரும் வழக்கைப் பேசுவதில்லை. ‘எப்ப வந்தே?’, ‘பெரியவன் எங்கே படிக்கிறான்?’ என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். பிரிட்டோரியாவில் முதல் வாரம் காந்தி செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் பேச்சைத் தொடங்க ஒரு சாவுக்காகக் காத்திருப்பது ரொம்பப் பெரிய விலை இல்லையா? பொங்கலுக்கு ஒரு ஃபோன் போதுமே.

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சமாதானம் பேசுகிறோம் என்ற பெயரில் நடக்கும் அக்கிரமம் நமக்குத் தெரியாததல்ல. சினிமாவில் ஆலமரம், ஜமுக்காளம், சொம்பு என்று வேடிக்கையாகக் காட்டும் பஞ்சாயத்து, நிஜத்தில் பல இடங்களில் ஊரைவிட்டுத் தள்ளிவைக்கும். சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்களைப் பிரிக்கும், அபராதம் போடும். அங்கே ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். அதற்குப் பேச்சுவார்த்தை என்று பெயர் கிடையாது. 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம், வடக்கே உள்ள காப் பஞ்சாயத்துகளோடு தமிழ்நாட்டுக் கட்டப்பஞ்சாயத்துகளையும் பெயர் சொல்லிச் சட்டவிரோதமானவை என்று கண்டித்தது. சமரசத்துக்கும் கட்டப்பஞ்சாயத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ‘எனக்கு இது வேண்டாம்’ என்று எழுந்து வெளியே போக முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வீட்டுக்குள் நடக்கும் பஞ்சாயத்துக்கும் இது பொருந்தும். அடி வாங்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்று சொல்லித் திரும்ப அனுப்புகிறார்கள். கேட்டால், பேசி முடித்துவிட்டோம் என்கிறார்கள். பேசியது யார்? அவள் ஒரு வார்த்தை பேசினாளா? கை ஓங்கிய இடத்தில் முதலில் வேண்டியது பாதுகாப்பு, பிறகு சட்டம். பேச்சு அதற்கும் அப்பால், அவள் விரும்பினால் மட்டும். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கட்டாயப்படுத்திப் பேச வைக்கலாமா என்ற கேள்வி நாடாளுமன்றத்துக்கும் வந்தது. சமரசத்துக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவர மசோதா வந்தபோது, வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்குப் போய்வந்தாக வேண்டும் என்று அதில் இருந்தது. மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது நிலைக்குழு. 2023-இல் சட்டமாகி வந்தபோது அது அவரவர் விருப்பம் என்று மாறியிருந்தது. நல்ல திருத்தம் என்றே நினைக்கிறேன். விருப்பமில்லாதவரை இழுத்து வந்து உட்கார வைத்தால், அவருக்கு அதுவும் இன்னொரு வாய்தாதான். பேச்சு இழுத்துக்கொண்டே போகாமல் இருக்க 120 நாள் என்று அந்தச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது, இரு தரப்பும் ஒப்பினால் இன்னும் 60 நாள். நம் வீட்டு வழக்கத்துக்கும் இப்படி ஒரு வரம்பு வேண்டும். ‘பேசிக்கிட்டிருக்கோம்’ என்றே பத்து வருடம் ஓட்டும் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் சொத்தை அனுபவித்துக்கொண்டிருக்கும் தரப்புதான் அப்படிச் சொல்லும்.

இப்போதே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும் வாசகர்களுக்கு உபயோகமாக ஒரு தகவல். சமரசத்தில் வழக்கு முடிந்தால் கட்டிய கோர்ட்டு ஃபீஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும். மையத்துக்கே போகாமல், இரண்டு தரப்பும் தாங்களாகவே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்குமா? கிடைக்கும் என்று சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பிறகு உயர் நீதிமன்ற நிர்வாகமே தன் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது என்பது தனிக் கதை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கிடைக்கும் என்றே சொல்லிவிட்டது. நீதிமன்றத்துக்கு வேலை வைக்காமல் தாங்களே முடித்துக்கொண்டவர்களுக்கு ஃபீஸ் இல்லை என்றால் அது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். வழி தெரியாதவர்கள் அந்தந்தத் தாலுகா கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்தும் கேட்கலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பேசித் தீர்ந்த தகராறு ஏதாவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பேசியும் தீராததையும் எழுதலாம், அதிலும் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும். பெயர், ஊர் எதையும் போடமாட்டோம். ஒரே ஒரு நிபந்தனை, எதிர்த்தரப்பையும் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் வந்து சேர்ந்தால் அடுத்தடுத்துப் போடுகிறோம். எழுதச் சொல்லி எப்படிக் கேட்பது, எங்களுக்குள்தான் பேச்சே இல்லையே என்கிறீர்களா? எங்கள் மேல் பழியைப் போடுங்கள். ‘பத்திரிகையில் கேட்கிறார்கள்’ என்று சொல்லி ஃபோனை எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்